சமையலறைக் கல்லுக்கு ஏற்ற ட்யூப்

பாத்திரம் வாங்க வருகிறவர் தட்டிப் பார்ப்பார், பழம் வாங்க வருகிறவர் அமுக்கிப் பார்ப்பார். கெய்கர் ட்யூப் வாங்க வருகிறவர் இரண்டையும் செய்வார். ஏ.எஸ்.ராவ் நகரில் எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தப் பாக்கியம் அடிக்கடி வாய்க்கிறது. கதிர்வீச்சு உள்ளே நுழைந்தால், அதை அளக்கும் மீட்டரை 'டிக்' என்று சொல்லவைக்கும் குழாய் அது. உடையக்கூடிய பொருளை விற்றுப் பிழைக்கும் சக பாவிகளே, வீட்டிலேயே மீட்டர் கட்டக் கிளம்பிய செந்திலின் கதையைக் கேளுங்கள்.

கட்டைவிரல் பரிசோதனை

செந்திலுக்கு இங்கே மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை, சொந்த ஊர் திருப்பூர். புது ஃப்ளாட்டில் பால் காய்ச்சிய மறுவாரமே, கிரானைட் கதிர்வீச்சு விடும் என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அவர் வீட்டுச் சமையலறை மேடையோ, மனைவி கவிதா ஞாயிறு ஞாயிறாகக் கல் கடைகளில் அலைந்து ஆசையாகப் பொறுக்கியது. அளந்து பார்த்துவிட்டு அதைப் பெயர்த்து எறிவது என்ற முடிவோடுதான் மனிதர் வந்திருந்தார்.

முனையில் மைக்காத் தகட்டை ஜன்னலாக வைத்த ட்யூப் ஒன்றைக் காட்டினேன். பலவீனமான கதிரும் நுழைய வேண்டும் என்பதற்காக அந்தத் தகடு அவ்வளவு மெல்லிசு. "தொட்டுடாதீங்க" என்று நான் முடிப்பதற்குள் கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்: "இதுக்கொரு டெம்பர்டு கிளாஸ் ஒட்டி வெச்சிருக்கலாமுங்களேக்கா?"

பால்கனியில் அபாயம்

அடுத்து கண்ணாடி ட்யூப் வாங்கிப்போனார். ஞாயிறு மதியம் போன். சமையலறையில் அமைதியாம், பால்கனியில் மீட்டர் பொரிந்து தள்ளுகிறதாம். கவிதாவைத் துணி காயப்போட விடவில்லை. ஈரத்துணியெல்லாம் ஹாலில் நாற்காலிகள்மேல் கிடந்தது. அந்த ரக ட்யூப் வெயில் பட்டாலே உளறும், கறுப்பு டேப் சுற்றுங்கள் என்றேன். சுற்றினார், அடங்கிவிட்டது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மறுநாளே கடையில் வந்து நின்றார், முகம் தொங்கிப்போய்: "எப்பவாவது ஒரு டிக்குதானுங்கக்கா. நல்லா அடிக்கற ட்யூபா ஒண்ணு குடுங்க."

மேஸ்திரிக்கு முந்தி

என் புத்தி எங்கே போயிற்றோ, பெரிய உலோக ட்யூபைக் கொடுத்தேன். அது எங்கே வைத்தாலும் அதிகம் அடிக்கும். கிரானைட் மேல் இன்னும் கொஞ்சம் கூட அடிக்கும். சமையலறை மேடைமேல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டார். இந்த ஊரே கிரானைட் பாறைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அந்தக் கொஞ்சத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று போனில் தொண்டை வறளச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கல்லைப் பெயர்க்க மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே கவிதா கடைக்கு வந்தார். செந்தில் வெளியே பைக் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லு ஆபத்துங்களா? நெசமாச் சொல்லுங்க."

"இல்லம்மா. நல்ல கல்லு. தைரியமாச் சமைங்க."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனைக்கும் காரணமான ட்யூபைக் கொடுத்தவள் நான்தானே. செந்திலைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா என்றேன். "நீங்க சொன்னாலும் நம்பமாட்டாருங்க. மீட்டர் சொன்னாத்தான் நம்புவாரு" என்றார். பிறகு வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்: "இருக்கறதுலயே காது மந்தமான ட்யூபா ஒண்ணு குடுங்கக்கா."

விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ட்யூபோடு இருவரும் போனார்கள், மேஸ்திரியும் வரவில்லை. அதனால் நல்ல ட்யூப் எது என்று யாராவது கேட்டால், வீட்டில் சமையலறைக் கல்லைப் பொறுக்கியது யார் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் விசாரிக்கிறேன்.