நேசையன் போட்ட கோடு

வண்டி வந்து நின்றதும் நேசையன் ஓட்டி வந்தவரைப் பார்ப்பதில்லை. நேராகப் பின்னால் போய், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்துச் சாணால் அளப்பார். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. அதற்குப் பிறகுதான் "வாங்க" என்பார். "இவியளுக்கு மனுசன் மூஞ்சி ஞாபகம் இருக்காது, வண்டி முதுகுதான் இருக்கும்" என்று அவர் மனைவி அருள்செல்வி சொல்வது முழுப்பொய் இல்லை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. பழைய பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தைத் தாங்கும் வில் பட்டைகள்தான் தொழில். பாரம் சுமந்து சுமந்து தட்டையாகிப்போன இரும்புப் பட்டைகளைக் கழற்றி, சுத்தியலால் அடித்து அடித்து வளைவை மீட்பார். ஐம்பத்தெட்டு வயதிலும் தோள் இடம் கொடுக்கிறது. பஸ்ஸில் எத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில்தான் உட்காருவார். பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டால் மற்றவர்கள் டிரைவரைத் திட்டுவார்கள். இவர் "மூணாம் பட்டை போயிட்டு" என்பார்.

ஒரு வேலை மட்டும் செய்யமாட்டார். "இருக்குறத நிமித்தித் தாரேன். கூட ஒரு பட்டை போடணும்னா வேற ஆளப் பாருங்க." ஏன் என்று கேட்டால் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். வாடிக்கையில் பாதி அப்படித்தான் பக்கத்துப் பட்டறைக்குப் போனது.

போன மாதம் ஒரு காலையில் பச்சை நிறப் பிக்கப் ஒன்று வந்து நின்றது. வலப்பக்கம் சாண் நிறைந்தது. இடப்பக்கம் நாலு விரல் குறைந்தது. குனிந்து பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையால் போட்ட பட்டைதான் ஒடிந்து கிடந்தது.

ஓட்டி வந்தவள் ஈஸ்வரி. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் லிங்கேஸ்வரன், வன்னியம்பட்டித் தேங்காய் வியாபாரி, இதே வண்டியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பட்டை சேர்த்துப் போடச் சொன்னான். போட்டுக் கொடுத்தார். எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் தணியவில்லை என்று எல்லாரும் மெச்சினார்கள், அவருக்கும் பெருமைதான். தோப்பில் மூட்டையை யாரும் எண்ணி ஏற்றுவதில்லை. வண்டி தணிவதைப் பார்த்துத்தான் "போதும்" என்பார்கள். தணியாத வண்டிக்குப் போதும் சொல்ல ஆளில்லை. பத்தாம் நாள், அய்யனார் கோவில் பக்கத்து இறக்கத்தில் புளியமரத்தில் மோதி லிங்கேஸ்வரன் இறந்துபோனான். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். பட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நேசையனும் பேசவில்லை.

"மோதுனதச் சரிபண்ணி வச்சும் வண்டி வீட்டுல சும்மாவே கெடந்துச்சு அண்ணாச்சி. லைசென்ஸ் எடுத்து ஒரு மாசமா நான்தான் ஓட்டுதேன். அவியளுக்குப் போட்டுக் குடுத்தீங்கல்ல, அதே மாதிரி போட்டுத் தாங்க."

முடியாது என்று அனுப்பிவிடலாம். பக்கத்துப் பட்டறையில் மத்தியானத்துக்குள் இரண்டுக்கு மூன்றாகவே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நேசையன் தரையிலிருந்து எழுந்தார்.

"அந்தப் பட்டைதான் தாயி அவரக் கொன்னது. வண்டி தணிஞ்சிருந்தா ஏத்துறவன் நிறுத்தியிருப்பான். நான் தணியவிடாமப் பண்ணிட்டேன். பிரேக்கு எம்புட்டத் தாங்கும்? ஒங்க வீட்டுப் பக்கம் வந்து இதச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

ஈஸ்வரி பின்னால் போய், ஒடிந்த பட்டையைக் குனிந்து பார்த்தாள். அழவில்லை, ஏசவும் இல்லை. "அப்ப நான் எம்புட்டு ஏத்தலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு நாள் வேலை. சேர்த்த பட்டைகளை உருவிப் போட்டுவிட்டு, பழைய பட்டைகளை மட்டும் அடித்து வளைவு ஏற்றினார். ஆர்.சி. புத்தகத்தில் வண்டிக்கு எழுதியிருக்கிற பாரத்தை ஏற்றி எடைமேடையில் நிறுத்தினார். அச்சோடு சேர்த்து ஒரு கம்பியை நிமிர்த்திப் பொருத்தி, பாரத்தோடு அதன் நுனி வந்து நிற்கும் இடத்தில் வண்டிச் சட்டத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டார். "கோடு எறங்கி வந்து கம்பியத் தொட்டுட்டா, அதுக்கு மேல ஒத்தக் காய் கூடாது."

முதல் பாரத்தைக் கண்ணால் பார்க்காமல் அவருக்கு மனசு ஆறவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு வன்னியம்பட்டித் தோப்புக்கே போய் நின்றார். கோடு கம்பியைத் தொட்டபோது தரையில் இன்னும் ஒரு மூட்டை கிடந்தது.

"ஒத்த மூட்டைதான, போட்டுருவம்க்கா" என்றான் சுமை ஏற்றுகிற வல்லரசு. "கொறஞ்சா ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் கடைக்காரரு அடுத்த லோடே வேண்டாம்பாரு."

ஈஸ்வரி கோட்டைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். கடைக்காரரை இழக்க அவளால் முடியாது.

நேசையன் அந்த மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய், தன் மொபெட்டின் பின்னால் வைத்துக் கயிறு போட்டு இறுக்கினார். முன்னால் போகச் சொல்லி அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு, அமுங்கிய பின்சக்கரத்தோடு வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிப் போனார்.