கண்டக்குழியின் முதலாம் ரசிகர்

நூஹு நானா நல்ல மனிதர் என்று யாராவது என் கடையில் இருந்து சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓம், நல்ல மனிதர்தான். சாவு விழுந்த மையித்து வீடென்றால் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குவார். வலையில் நல்லாகப் பட்ட நாளில் ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு மீன் பை போகும். யாரோடும் குரலை உயர்த்திக் கதைத்ததில்லை. இவ்வளவும் உண்மை. அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. ஊரறிந்த கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் நான் காறித் துப்பிவிட்டு ரொட்டி சுடப் போயிருப்பேன்.

என் பெயர் பஸீனா. கண்டக்குழியில் மீன்பிடி போட்டுகள் இழுத்து வைக்கும் கரையில் ரொட்டியும் பிளேன்டியும் விற்கிறேன். கடலுக்குப் போனவன், போகாதவன், போகச் சோம்பிப் பஞ்சிப்பட்டவன் எல்லோரும் என் பெஞ்சில்தான் வந்து குந்துவார்கள். என் காதுக்கு வராமல் ஊரில் ஒரு கதையும் நடக்காது என்று பெருமை அடித்துத் திரிந்தவள் நான். பெரிய பெருமைதான், போங்கள்.

நாட்டில் சண்டை முடிந்து கடலில் கெடுபிடி குறைந்த பிறகு நூஹு நானா சொந்தமாக பைபர் போட்டொன்று வாங்கினார். எங்கள் பக்கத்தில் போட்டுக்கு மகளின் பெயர் வைப்பார்கள், உம்மாவின் பெயர் வைப்பார்கள், அவ்லியா மகான்களின் பெயர் வைப்பார்கள். இந்த மனிதர் சிவப்புப் பெயின்டில் பெரிதாக ‘மெரில்டா’ என்று எழுதினார். மெரில்டாவைத் தெரியாத ஆள் அப்போது இந்தக் கரையில் இல்லை. கொழும்புப் பாட்டுக்காரி. பஸ்ஸிலும் அவள் பாட்டு, கலியாண வீட்டிலும் அவள் பாட்டு.

பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு பேர் வந்து, "என்ன நூஹு, பாட்டுக்காரிட பேரயா போட்டுல எழுதுற? பரக்கத்து நிக்குமா?" என்று கேட்டார்கள்.

"போட்டு என்ட, பெயின்ட்டும் என்ட. அந்தப் புள்ள யாருக்கு என்ன கெடுதி செஞ்சது?" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார். சிலாபத்தில் மெரில்டாவின் ஷோ நடந்தபோது போய் நின்று, கூட்டத்துக்குள் இடிபட்டு, அவளோடு ஒரு படமும் எடுத்து வந்தார். அந்தப் படம் அவர் வீட்டு அலுமாரிக்கு மேலே சட்டம் போட்டு நின்றது. அவருடைய போட்டில் வலை இழுக்கிற ஜபார்தான் அவருக்கு ‘முதலாம் ரசிகர்’ என்று பட்டம் வைத்தான். அந்தப் பட்டத்தில் நூஹு நானாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

அவருக்கு ஒரே மகள், அஸ்னா. எங்களுக்குள் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவானே தவிர, பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டாள். நூஹு நானா தன் வீட்டோடு ஒட்டி, நடுவில் ஒரே சுவர் வைத்து, மகளுக்கு இரண்டு அறையும் குசினியும் கட்டிக் கொடுத்தார். வீட்டு உறுதிப் பத்திரமும் அஸ்னாவின் பெயரில். மாப்பிள்ளை ஆலங்குடா றிஸ்மின். பார்க்க லட்சணமானவன், கடலில் கெட்டிக்காரன், எந்த அலைக்கும் எஞ்சினை வளைத்துப் பிடிப்பான். மருமகன் கையில் போட்டை ஒப்படைத்துவிட்டு நூஹு நானா கரையில் நின்று மீன் பிரிக்கத் தொடங்கினார். மகளுக்கும் ஆள் கிடைத்தது, போட்டுக்கும் ஆள் கிடைத்தது என்று ஊரே சொன்னது.

அதற்குப் பிறகுதான் அவர் வீட்டுக்கு ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸ் வந்தன. நேரகாலம் கிடையாது. சோறு தின்னுகிற நேரத்தில் போடுவார், அஸர் தொழுதுவிட்டு வந்து போடுவார். ஒரு பாட்டு, சில நாளில் மூன்று நான்கு பாட்டு. மெரில்டா தொண்டை கிழியக் கத்துவாள், ஓட்டில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறக்கும். "முதலாம் ரசிகருக்கு மூட் வந்திட்டுது" என்று ஜபார் சொல்வான், என் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். எல்லாத் தெருவிலும் ஒழுங்கையிலும் ஒரு பைத்தியம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். அஸ்னா ஒருநாள் கன்னம் வீங்கி ரொட்டி வாங்க வந்தாள். "கிணத்தடியில வழுக்கிட்டேன் ராத்தா" என்றாள். பாசி பிடிக்காமல் சுண்ணாம்பு போடச் சொல்லி அனுப்பினேன்.

போன வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் மெரில்டாவின் பேட்டி வந்தது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் போட்டெல்லாம் கரையில். வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு அலையில் சறுக்க, எங்கள் ஆம்பிளைகள் என் கடையில் குந்தி இருந்தார்கள். ஜபார் தன் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, "நானா, உங்கட ஆள் வந்திரிக்கா, வாங்க" என்று கூப்பிட்டான். நூஹு நானா தேத்தண்ணிக் கோப்பையோடு முன் பெஞ்சுக்கு வந்தார். றிஸ்மின் பின்னால் நின்றான்.

முதலில் பாட்டுகளைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு, கணவரைப் பிரிந்தது ஏன் என்று கேட்டார்கள். அவளுடைய பாட்டுக்கெல்லாம் மெட்டுப் போட்டவனே அவன்தான். மெரில்டா சிரித்த முகத்தோடே மைக்கை இழுத்து நேராக்கினாள். பிறகு, "அவர் எனக்கு அடிப்பார்" என்றாள். கடையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஷோவுக்குப் போகும்போது காயத்துக்கு மேல மேக்கப் போடுவேன். அடிக்கிறதுக்கு முதல் அவர் என்னுடைய பாட்டையே சத்தமாகப் போட்டுவிடுவார். நான் கத்துறது வெளியே கேட்காது. பக்கத்து வீட்டு ஆட்கள் மெரில்டா பாடிப் பழகுறா என்று நினைப்பாங்க. ஒருநாள் விடியச் சாமம் ஒரு பையோட அம்மா வீட்டுக்கு ஓடினேன். அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க."

நான் ரொட்டியைத் திருப்பாமல் நூஹு நானாவைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள், கண் தானாகப் போனது. கோப்பை சரிந்து சுடச்சுடத் தேத்தண்ணி இடுப்புச் சாரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்குச் சுடவில்லை. முகம் வெளிறிப் போய் இருந்தது. கல்லில் ரொட்டி கருகியது.

மற்றவர்களுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அடித்தவன் மேல் என்று நினைத்தீர்களா? அவள் மேல்.

"சீ, வெக்கம் கெட்டவள். வீட்டுக் கதைய இப்பிடியா ஊரெல்லாம் சொல்லுறது?" என்றான் ஒருவன்.

"அந்த மனிசன் என்ன மாதிரி மெட்டுப் போட்டவன்! அவனப் போய் நாறடிச்சிட்டாளே" என்றான் இன்னொருவன்.

"எங்கட நானா இவளுக்காகப் பள்ளி ஆக்களோட சண்டை புடிச்சாரே, அதச் சொல்லு" என்றான் ஜபார்.

றிஸ்மின் பின்னால் நின்று, "ரெண்டு தட்டுத் தட்டினதுக்குப் பேட்டி குடுக்கிறாளாம். இவளுகளுக்கு வாய் கூடிப் போச்சி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அஸ்னாவின் வீங்கிய கன்னம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அப்போதுதான் நூஹு நானா எழும்பினார். ஒரு நாளும் குரல் உயர்த்தாத மனிதர் கரை முழுக்கக் கேட்கக் கத்தினார். "வீட்டுக்குள்ள நடக்கிறத வெளிய சொல்லுறவ ஒரு பொம்புளயா? இவட பேர் என்ட போட்டுல இனி ஒரு நிமிசம் இரிக்கப்படாது!"

எங்கள் கரையில் போட்டுக்கு ஒருமுறை பெயர் வைத்து, பாத்திஹா ஓதி, கஞ்சி கொடுத்துவிட்டால் அந்தப் பெயரை அழிக்க மாட்டார்கள். போட்டை விற்றால்கூடப் பழைய பெயரோடுதான் போகும். பெயரை அழித்தால் கடல் போட்டை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பயம். அப்படிப்பட்ட ஆட்கள் அன்றைக்குச் சுரண்டியைத் தேடி ஓடினார்கள். மருமகன் ஒரு பக்கம், ஜபார் மறு பக்கம், நடுவில் முதலாம் ரசிகர். மூன்று பேரும் பெருநாள் போல நின்று மெரில்டாவைச் சுரண்டினார்கள். சுற்றி நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். பள்ளிவாசல் ஆட்கள் வந்தபோது அசையாத மனிதர், ஒரு பெண் உண்மையைச் சொன்னதும் அசைந்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுப்பை இழுத்து அணைத்துவிட்டு நேரே அஸ்னா வீட்டுக்கு நடந்தேன்.

அஸ்னா கட்டிலில் போனை வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் அவளுடைய உம்மா சித்திமரியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேட்டியை அவர்களும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

"அஸ்னா, பாட்டு..." என்றேன். 

"ஓம் ராத்தா. மெரில்டாவுக்குப் புருசன் போட்டது. எனக்கு வாப்பா போடுறது" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. "முதல் தரம் மாப்பிள அடிச்சி நான் கத்தினப்ப சுவருக்கு அந்தப் பக்கம் வாப்பா ஓடுற சத்தம் கேட்டிச்சி. வாறார், வாறார் எண்டு பாத்துக்கிட்டிருந்தேன். பாட்டுத்தான் வந்திச்சி."

நான் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். "வாப்பாட்ட சொல்லலயா புள்ள?"

"சொன்னேன். பொறு மகள், ஊர் சிரிக்கும் எண்டார். அவனை வெரட்டினா போட்டுக்கு யார் இரிக்கா எண்டார்."

"அவரும் பாவம் பஸீனா, மானத்துக்குப் பயந்த மனிசன்" என்றாள் சித்திமரியம்.

"யார்ட மானத்துக்கு மச்சி?" என்று நான் கேட்ட கேள்வியில் அவள் அழுகை நின்றுவிட்டது.

அஸ்னா அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அவ பையத் தூக்கிக்கிட்டு ஓடினாளாம் ராத்தா. அவளுக்கு ஓட வேண்டி இருந்திச்சி, வீடு அவன்ட. இது யார்ட வீடு?"

"உன்ட வீடு."

"அப்ப நான் ஏன் ஓடணும்?"

எழும்பி றிஸ்மினின் சாரங்கள், சேட்டுகள், சவரக் கத்தி எல்லாவற்றையும் ஓர் உரப் பையில் போட்டு, ஒழுங்கையில் மணலுக்கு மேலே கொண்டுபோய் வைத்தாள். சித்திமரியம் பின்னாலேயே போய், "வாப்பா வரட்டும் மகள், வந்து கதைக்கட்டும்" என்று கெஞ்சினாள்.

"வாப்பா வந்து என்ன செய்வாரெண்டு எனக்குத் தெரியும் உம்மா."

பையைக் கண்ட யாரோ கரைக்கு ஓடியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் றிஸ்மின் சுரண்டியும் கையுமாக வந்தான். வேடிக்கை பார்க்கக் கரையே பின்னால் வந்தது. அவன் பையைக் காலால் எத்திவிட்டு உள்ளே பாய்ந்தான். நான் குறுக்கே போக, என்னைத் தள்ளிவிட்டு அஸ்னாவின் தலைமயிரைப் பிடித்தான்.

நூஹு நானா ஓடி வந்தார். அல்லாஹ் சாட்சி, அந்த மனிதர் வாசல் வரை ஓடி வந்தார். மகளைப் பார்த்தார். வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். திரும்பித் தன் வீட்டுக்குள் ஓடினார்.

பாட்டு எழும்பியது. மெரில்டாவின் பாட்டேதான். பெயரைச் சுரண்டிய சிவப்புத் தூசி இன்னும் கையில் இருக்கிறது, மூடி மறைக்க மட்டும் அவளுடைய குரல் வேண்டியிருக்கிறது. இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

ஆனால் அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பேட்டியை எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஜபார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்வே, இவ்வளவு நாளும் இதுக்கா?" என்றான்.

அஸ்னா றிஸ்மினின் கையைக் கடித்து உதறிக்கொண்டு வெளியே வந்தாள். தகப்பனின் வீட்டுக்குள் போய் வயரைப் பிடித்து இழுத்தாள். பாட்டு அறுந்தது. பாட்டோடு சேர்த்துக் கத்திக்கொண்டிருந்த றிஸ்மினுக்கு அது உடனே பிடிபடவில்லை. அவன் வாயில் வந்த ஊத்தை வார்த்தை முழுக்க ஒழுங்கைக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகுதான் கூட்டத்தைப் பார்த்து வாயை மூடினான்.

அஸ்னா வாசலில் வந்து நின்று சொல்லத் தொடங்கினாள். எப்போது அடித்தான், எதனால் அடித்தான், கிணற்றடியில் வழுக்கிய கதை, எல்லாம். மெரில்டாவை வெட்கம் கெட்டவள் என்று ஏசியவன் கையில் இருந்த போனை மெதுவாக மடிக்குள் செருகினான்.

நூஹு நானா பின்னால் வந்து அவளுடைய தோளைத் தொட்டார். "மெதுவாக் கதை மகள், ஆக்கள் நிக்கிறாங்க."

"அதுக்குத்தான் வாப்பா சத்தமாச் சொல்லுறேன்."

றிஸ்மின் உரப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஜபார் விலகி வழிவிட்டானே தவிர அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்த பிறகும் அஸ்னா நிறுத்தவில்லை. அவள் சொன்னது அவனுக்கு இல்லை, எங்களுக்கு. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.