சாம்பல் பிசைந்த களிமண்

என் ஜன்னலோரத்தில் ஒரு களிமண் உருண்டை இருக்கிறது. கொழுக்கட்டை அளவுதான். நாத்தனாரின் நாலு விரலும் அதில் பதிந்திருக்கிறது. நான் இரண்டாம் கிளாஸோடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் அவளைப் பற்றி வேறொருத்தர் எழுத விடமாட்டேன்.

கரமனையில் எங்கள் வீட்டுக் கொல்லை ஆற்றுப் பக்கம் சரிந்து இறங்கும். எல்லாம் செம்மண். புகுந்த வீடு வேண்டாமென்று திரும்பி வந்த நாத்தனார் அங்கே பிச்சிக்கொடி வைத்து, பூ விற்று, யார் கையையும் எதிர்பாராமல் இருந்தாள். ஒரு வருஷம் இலையெல்லாம் வெளிறி மொட்டு கருகிற்று. "அடுத்த மழைக்கும் பூக்கலேன்னா அங்கே வாடகைக்கு ரூம் கட்டிடுவேன்" என்றார் என் வீட்டுக்காரர், அவளுக்கு அண்ணா. அவள் கொல்லையில் இறங்கினாள். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்து, ரசம் ருசி பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"புளிக்கறது மன்னி. சுண்ணாம்பு போட்டா மழையோட போயிடறது. பிடிச்சு வச்சுக்க இதுல களி இல்லை."

குளம் தூர் வாரின இடத்திலிருந்து களிமண் சுமந்து வந்தாள். புளிப்பை எடுக்கச் சாம்பல் வேண்டுமே? பகவதிக்குப் பெண்டுகள் தெருவிலேயே பாயசம் பொங்க வைக்கிற பொங்காலையன்று தெரு முழுக்க அடுப்பு. புகையில் பகல் வெளிச்சமே பாலாய்த் தெரிந்தது. பெண்டுகள் பானையோடு கிளம்பினதும் இவள் கூடையோடு இறங்கினாள்.

"பாயசம் கிட்டலையாடி, சாம்பலை வாரறே?" என்றாள் எதிர்வீட்டு மாமி.

"உங்க அடுப்புச் சாம்பல்தான் மாமி நன்னா வெந்திருக்கு. பாயசம் எப்படியோ!"

தெருவே சிரித்தது. நானோ, நம்மாத்துப் பெண் தெருவில் குனிந்து சாம்பல் வாருகிறாளே என்று மானம் போனவளாய் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவள் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாக வந்தாள். களியில் சாம்பலைக் கொட்டி, தனியாக மிதித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன்.

"வழுக்கும் மன்னி, என் தோளைப் பிடிச்சுக்கோங்கோ."

பதம் பார்க்க அவள் பிடித்துப் போட்ட ஓர் உருண்டையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மீதியைக் காயவைத்துப் பொடித்துக் கொல்லையெங்கும் தூவிக் கொத்திவிட்டோம். மழை வந்தது, நின்றது. ஒரு விடியலில் பிச்சிப்பூ வாசனைதான் என்னை எழுப்பிற்று. ரூம் பேச்சு அதோடு நின்றது.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கொடி இருக்கிறது. இந்த வருஷப் பொங்காலையன்று வாசற்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, நடுத்தெருவில் நானே குனிந்து சாம்பல் வாரினேன். அடுத்த வீட்டு மருமகள், "அய்யோ மாமி, இதெந்தினா?" என்று மலையாளத்தில், எதற்கென்று கேட்டாள். "என் நாத்தனார் கொல்லைக்கு" என்றேன், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

வந்து உட்கார்ந்து உருண்டையை எடுத்தேன். அந்த நாலு பள்ளத்திலும் என் விரலை வைத்தேன். வழுக்கவில்லை.