பட்டம் சின்னப் பில்லா

ஜூனா பஜாரில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்த தேர்தல் பில்லா ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அந்தத் துருவேறிய தகர வாசனை என்னை நான் வளர்ந்த கட்கிக்கு, தோட்டாத் தொழிற்சாலைக்காரர்களுக்கென்று இருந்து இப்போது இடிபட்டுவிட்ட லைன் வீடுகளுக்கே கொண்டுபோய்விட்டது. தேர்தல் வந்தால் ஜீப்பிலிருந்து சட்டையில் குத்தும் பில்லாக்களை அள்ளி வீசுவார்கள், நாங்கள் புழுதியில் புரண்டு பொறுக்குவோம். பெரிய கட்சிகளின் பில்லா எல்லாரிடமும் இருந்தது. பெயர் தெரியாத ஒரு சுயேச்சையின் பட்டம் சின்னம் மட்டும் லைனிலேயே என்னிடம்தான்.

அண்ணன் கைக்கு எட்டக்கூடாதென்று, ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைக் காலருக்கு அடியில் அதைக் குத்திவைத்தேன். காலையில் எழுந்தால் ஆணியில் சட்டை இல்லை. தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தே உள்ளே விடுகிற தொழிற்சாலைக் கேட், அதில் சர்க்கார் உத்தியோகஸ்தரின் காலரில் தேர்தல் பில்லா! வேலை போகும், வீடு போகும் என்று, அம்மாவிடம் சொல்லவும் பயந்து, தட்டிலிருந்ததைத் தொடாமல், சாயங்காலச் சங்கு ஊதும்வரை வாசலிலேயே நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் மணிகளின் இரைச்சலுக்குள்ளிருந்து அப்பா வழக்கம்போல வந்து இறங்கினார். ஓடிப்போய்க் காலரைப் புரட்டினேன். ஒன்றுமில்லை.

"என்னடி தேடறே?" என்று அம்மா தாலிச் சரட்டை வெளியே இழுத்தாள். ஊக்குகளோடு ஊக்காகப் பட்டம் தொங்கியது. "கேட்ல தடவறதுக்கு முன்னாடி தினமும் நான் தடவித்தானே உங்கப்பாவை அனுப்பறேன்! இந்தப் பட்டக்காரனுக்கு எவன் ஓட்டுப் போடப்போறான், பாவம், என் கழுத்துலயாவது இருக்கட்டும்."

அப்போதுதான் எனக்குப் பசித்தது.