பழைய கடிகாரத்தில் நான்கு மணி

ஒப்துலியா அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மெக்சிகோவின் லெயோன் நகரத்து ஒளியியல் ஆய்வு நிலையத்தில் நான் லென்ஸ் தேய்ப்பவன். என் பட்டறைக்கு அடுத்த அறை அவருடையது. மாணவர்களை வெளிநாட்டு மாநாடுகளுக்கு அனுப்ப உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் போடுவதுதான் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. மே மாதம் வந்தால் கால் தரையில் பாவாது. மதியச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்பார். இத்தனை பேரை அனுப்பியவர் விமானத்தில் ஏறியதே இல்லை. போய்வந்தவர்கள் கொடுத்த ஓட்டல் பேனாக்கள்தான் மேசையில் ஒரு டப்பா நிறைய இருந்தன.

இந்த வருடம் யுரிடியா. அவள் அப்பா காலணித் தொழிற்சாலையில் தையல்காரர். கண்ணாடி இழையில் ஒளி எங்கே கசிகிறது என்று அவள் செய்த ஆராய்ச்சியைப் பேச ஃபுளோரிடாவிலிருந்து அழைப்பு வந்திருந்தது. உதவித்தொகை கிடைத்தால்தான் பயணம்.

கடைசி நாள், அந்த ஊர் நேரப்படி மாலை ஐந்து வரை அவகாசம். "நமக்கு நாலு மணி" என்று சொல்லிவிட்டு ஒப்துலியா அம்மா இயக்குநரின் கையெழுத்துக்காக மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தார். யுரிடியா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். மூன்றரைக்குக் கையெழுத்து வாங்கி வந்து பார்த்தால், கணினியில் விண்ணப்பப் பக்கம் மூடியிருந்தது.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கத்தை எங்கள் அரசாங்கம் விட்டுவிட்டது. அமெரிக்காக்காரன் விடவில்லை. அம்மாவின் தலைக்குள் பழைய கணக்கே ஓடியிருக்கிறது; எங்களுக்கு அவகாசம் மூன்று மணிக்கே முடிந்துபோயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நல்ல லென்ஸ் ஒன்றைக் கீறித் தொலைத்தேன்.

தப்பு தன்னுடையது, பெண்ணைத் தண்டிக்க வேண்டாம் என்று அம்மா ஸ்பானிய மொழியில் கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பியது யுரிடியா. அதன்பின் நான்கு நாள் அம்மா வராந்தாவில் நடையாய் நடந்தார். அந்தச் செருப்புச் சத்தத்தில் எனக்கும் வேலை ஓடவில்லை.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. யுரிடியா திரையைப் பார்த்துச் சொன்னாள்: "ஏத்துக்கிட்டாங்கம்மா. தொகை தர்றாங்களாம்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்ட? மிச்சத்தையும் படி."

"நேரம் தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நான்தான்னு மாணவி கடிதத்துக்கு அடியில எழுதியிருக்காங்க, உங்க ரெண்டு பேர்ல யார் மேல தப்புன்னு எங்களுக்குப் புரியலன்னு..."

அம்மாவின் முகம் கடுத்தது. "உனக்குத் தெரியுமா? ஏண்டி சொல்லல?"

"இருபத்தாறு வருஷமா செய்றீங்க. உங்களைப் போய்த் திருத்தவான்னு கூச்சமா இருந்துச்சு."

"நல்ல கூச்சம்! அங்க நானூறு பேர் முன்னாடி ஒரு பெரிய மனுஷன் எழுந்து உன் கணக்கு தப்புன்னு சொன்னா, அவருக்கு நரைச்சிருக்கேன்னு வாய மூடிக்கிட்டு நிப்பியா?"

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். பெரியவர் பள்ளத்தைப் பார்த்து நடந்தாலும் கூசிக்கொண்டே பின்னால் போவோம். நானும்தான்.

யுரிடியாவின் கண் மேசையிலிருந்த விசா படிவத்தின் மேல் விழுந்தது. பதில் வரும் முன்பே காலையில் அம்மா நிரப்பி வைத்தது. அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"அம்மா, இதுல என் பிறந்த வருஷம் தப்பா இருக்கு."

ஒப்துலியா அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேற எங்க தப்பு இருக்கு? சொல்லு."