பலகையில் இடமில்லாத ராட்செட்

அக்கா ராணுவத்தில் ஹெலிகாப்டர் மெக்கானிக். நல்ல உயரம். இன்ஜினுக்குள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பதால் பட்டறையில் அவளுக்குக் 'கொக்கு' என்று பெயர். புதிதாகச் சேர்கிறவர்கள் கொஞ்சம் மரியாதை கூட்டிக் 'கொக்கக்கா' என்பார்கள். நான் அவளுடைய தம்பி. கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். நாட்டின் பாதுகாப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டாம். அந்த ஹெலிகாப்டர்களில் பாதி நட்டுகள் என் கடைச் சாமான்களால் முடுக்கப்பட்டவைதான்.

ஸ்பேனர், டார்ச், அதற்கு பேட்டரி, கையுறை, மூலை முடுக்குகளைப் பார்க்கக் குச்சியில் பொருத்திய கண்ணாடி, எல்லாவற்றையும் அக்கா தன் சம்பளத்தில்தான் வாங்குவாள். கிரீஸ் துடைக்கும் துணிகூட அவர்கள் தருவதில்லை. என் பழைய பனியன்கள் அத்தனையும் நாட்டுக்காக உயிரைவிட்டவை.

"எழுதிக் கேட்டா தர மாட்டாங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தருவாங்களே. நான் ரிட்டயர் ஆனதும் வந்துடும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. முகாம் வாசலில் கொடிக்கம்பத்தைச் சுற்றி வரிசையாகக் கற்கள் நட்டிருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு மாதம் தவறாமல் வெள்ளையடிக்கிறார்கள். அதற்கெல்லாம் பணம் இருக்கிறது.

பட்டறைச் சுவரில் ஒரு பெரிய பலகை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தை அதில் கறுப்பு பெயிண்டில் வரைந்து, மேலே ஆணியடித்திருப்பார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் வடிவத்தின் மேல் போய்த் தொங்க வேண்டும். ஒரு கறுப்பு வடிவம் வெறுமையாகத் தெரிந்தால் போதும், ஹெலிகாப்டர் கிளம்பாது. ஏதோ ஒரு கருவி உள்ளேயே கிடக்கிறது என்று அர்த்தம். அதிகாரி பலகையைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலகையில் தொங்கிய ராட்செட்டுக்குப் பல் தேய்ந்து பல காலம் ஆகியிருந்தது. ராட்செட் என்பது நட்டின் மேல் வைத்து, எடுக்காமலேயே முன்னும் பின்னும் ஆட்டி முடுக்குகிற கருவி. பல் தேய்ந்தால் வழுக்கும், விரல் முட்டி பெயர்ந்துவிடும். அதனால் அதை யாரும் தொடுவதில்லை. ஆளுக்கொன்று சொந்தமாக வாங்கிக்கொண்டார்கள். சொந்தக் கருவிக்குப் பலகையில் இடம் கிடையாது என்பதால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். பலகை எப்போது பார்த்தாலும் நிறைந்திருந்தது. தொட்டால்தானே குறையும்?

சொந்தக் கருவி கொண்டுவரக் கூடாது என்பது விதி. கொண்டுவருகிறார்கள் என்பது அதிகாரிக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்க அவர் நன்றாகப் பழகியிருந்தார்.

அன்று காலை கடையில் நல்ல கூட்டம். ஒருவருக்குக் கதவுக் கீல் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவள் பேசவே மாட்டாள்.

"டேய், என் சின்ன ராட்செட் அங்க இருக்கா பாரு."

"ஆளு நிக்கறாங்கக்கா. அப்புறமா..."

"இப்பவே பாரு. நேத்து உன் மேசையிலதான் பையக் கொட்டி வீட்டுச் சாவி தேடினேன். அங்க விட்டிருந்தா நல்லது."

"இல்லன்னா?"

"இல்லன்னா உள்ள இருக்கு."

எதற்குள் என்று நான் கேட்கவில்லை. அவள் குரலுக்குப் பின்னால் இன்ஜின் உறுமத் தொடங்கியிருந்தது.

மேசைக்கு மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். ஆணி டப்பாக்களைத் தரையில் கொட்டினேன். கல்லாப்பெட்டியை இழுத்துப் பார்த்தேன். கீல் வாங்க வந்தவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியேறினார். போன் காதிலேயே இருந்தது.

"காலையில குட்டையனோடத வாங்கி முடுக்கினேனா, என்னோடதாலயே முடுக்கினேனா, ஞாபகமே வரல," என்றாள் அக்கா. குட்டையன் அவளோடு ஜோடியாக வேலை செய்கிற பையன். "பலகையெல்லாம் முழுசா இருக்கு. கையெழுத்தும் போட்டாச்சு. மலைமேல வண்டி கவுந்து ஒருத்தனுக்குக் கால் நசுங்கியிருக்கு. அவனத் தூக்கிட்டு வரத்தான் போகுது. கிளம்பற நிலையில இந்த ஹெலிகாப்டர் ஒண்ணுதான் இருக்கு."

என் முதுகுக்குப் பின்னால், சுவரில், அதே ராட்செட் புதிதாக வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேலைக்கு ஆபத்து வராது, கால் நசுங்கியவனுக்கும் நேரத்தில் உதவி போகும். ஒருவேளை உள்ளே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அந்த வார்த்தை என் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"கிடைச்சுதா? கைப்பிடியில சிவப்புக் கோடு இருக்கா?" என்றாள்.

தன் கருவிகளுக்கு அவள் நகப்பூச்சால் கோடு போட்டு வைப்பாள். என் கையில் இருந்தது பளபளவென்று மின்னியது. கோடு எதுவும் இல்லை.

"இல்லக்கா. இங்க இல்ல."

"சரி," என்றாள். கேட்ட சாமான் கடையில் இல்லை என்று நான் சொல்லும்போது சொல்வாளே, அதே 'சரி'. போன் துண்டிக்கப்பட்டது.

மற்றதைக் குட்டையன் பிறகு வந்து சொன்னான். அக்கா நேராக ஓடிப்போய் ஹெலிகாப்டருக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாகப் பிடித்தாளாம். இன்ஜினை நிறுத்து என்று அர்த்தம். பைலட் உள்ளிருந்து கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் விலகிப் போகச் சொல்லிக் கையை வீசினார். இவள் நகரவில்லை. விசிறி நின்றதும் அதிகாரி ஓடிவந்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? அங்க ஒருத்தன் உயிருக்குப் போராடிட்டிருக்கான்."

"உள்ள என் ராட்செட் கிடக்கு சார்."

"பலகைய நானே பாத்தேன். எல்லாம் தொங்குது."

"தொங்கறது உங்களோடது சார். காணாமப் போனது என்னோடது."

அதிகாரி தரைத் தகடுகளைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு திருகாணியும் கழன்று வருவதற்குள் குட்டையனுக்கு உயிர் போய் உயிர் வந்ததாம். பைலட் கைக்கடிகாரத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் ஒருவர் திரும்பத் திரும்ப, கிளம்பியாச்சா என்று கேட்டார். அக்கா குப்புறப் படுத்து, கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். முதல் தகட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. இல்லாமலே போய்விட்டால், ஒன்றுமில்லாததற்கு ஒருவனைச் சாக விட்டவள் ஆகிவிடுவாள். அது அங்கே நின்ற எல்லோர் முகத்திலும் தெரிந்தது என்றான் குட்டையன்.

மூன்றாவது தகட்டுக்குக் கீழே, பைலட்டின் கால்மிதியிலிருந்து வாலுக்குப் போகிற கம்பியை ஒட்டிச் சிவப்புக் கோடு தெரிந்தது. குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவியிருக்கிறது. மேலே போய் ஒரு தரம் பலமாகத் திரும்பியிருந்தால் கம்பி சிக்கியிருக்கும். அப்புறம் பைலட் காலால் எவ்வளவு மிதித்தாலும் வால் கேட்காது. அதிகாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பியது. மலைமேல் இருந்தவன் பிழைத்துக்கொண்டான். காலை மட்டும் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. உடனே வந்திருந்தாலும் அந்தக் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அக்காவின் காதில் கால் போன செய்தி மட்டும்தான் விழுந்தது. பின்னால் சொன்னதை இன்றுவரை அவள் நம்பவில்லை.

விசாரணை நடந்தது. அனுமதியில்லாத கருவியை உள்ளே கொண்டுவந்தது குற்றம். தாமதத்துக்கும் அவளே காரணம். ஏன் கொண்டுவந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளாகவே ஒன்று சொல்லிப் பார்த்தாளாம்.

"எங்க சாமானுக்கும் பலகையில வடிவம் வரைஞ்சு ஆணி அடிங்க சார். அது போதும்."

வரைந்தால், சொந்தக் கருவிகள் இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்புக்கொண்டால் ஏன் என்ற கேள்வி வரும். ஆகவே வரையவில்லை. பட்டறையில் எல்லோருடைய பைகளையும் துழாவி, அகப்பட்டதை ஒரு மரப்பெட்டியில் போட்டு ஆணியடித்தார்கள். அக்காவை ஹெலிகாப்டர் பக்கமே வரக்கூடாது என்று ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவள் கேட்டுக் கேட்டு வராத ராட்செட் எந்த ஸ்டோரிலிருந்து வர வேண்டுமோ, அதே ஸ்டோர். இப்போது, இல்லை என்று மற்றவர்களுக்குச் சொல்வது அவள் வேலை. இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், சாதாரணச் சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். நடையைப் பார்த்ததுமே முகாம் ஆள் என்று தெரிந்தது. முகாம் வாசலில் அவரைப் பார்த்திருக்கிறேன். அக்காவின் அதிகாரி. நான் இன்னாரின் தம்பி என்பது அவருக்குத் தெரியாது.

"சின்ன ராட்செட் ஒண்ணு வேணும். நல்லதா குடுங்க. வழுக்கக் கூடாது."

"எதுக்கு சார்?"

"வீட்டுக்கு."

பாவம், அவரையும் மேலிடத்தில் நெருக்கியிருப்பார்கள், வேலை ஏன் நகரவில்லை என்று. எனக்குப் பாவமாகவெல்லாம் இல்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அக்கா இன்னும் அவர் கையெழுத்தின் கீழ்தான் இருக்கிறாள். பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் பர்ஸிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார்.

சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். உன்னைத் தண்டித்தவரே வந்து வாங்கிக்கொண்டு போகிறார் பார் என்று நடித்தே காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"வீட்டுக்குன்னு சொன்னாரா?" என்றாள். "அவர் வீட்டுல ஹெலிகாப்டர் நிக்குதா?"

அதற்குள் போனை எடுத்துக் குட்டையனைக் கூப்பிட்டிருந்தாள். நாற்காலியை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை. போனை மேசைமேல் பிடித்து, அவன் பேசுவது எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"எங்கடா இருக்க?"

"ஹெலிகாப்டர்லதான்க்கா. தகடு மாட்டிட்டிருக்கேன். காலையில கிளம்பணும்."

"அதிகாரி இன்னைக்குப் புது ராட்செட் ஒண்ணு குடுத்தாரா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "யாருகிட்டயும் சொல்லாதன்னாருக்கா."

"நான் யாருகிட்டயும் சொல்லல. அது இப்ப எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்குக்கா," என்றான் குட்டையன். "என் சட்டைப் பையிலதான் இருக்கு."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

"குனியாத. அப்படியே நிமிந்து வெளிய வா. அத எடுத்து அந்த இரும்பு மேசைமேல வை."

"சரிக்கா, வெச்சுடறேன்."

"இப்ப வை. நான் கேக்கணும்."

காலடிச் சத்தம் கேட்டது. பிறகு இரும்பின் மேல் இரும்பு பட்டு 'ணங்' என்றது. அதன் பிறகுதான் அக்கா போனை வைத்தாள்.