பன்னிரண்டு மில்லி குறைவு

அந்த மருத்துவமனையில் அவருக்குப் பூட்டம்மா என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் அக்கா, மேடம், கோபம் வந்தால் ‘ஏங்க, இங்க பாருங்க’. முதுகுக்குப் பின்னால்தான் பூட்டம்மா. அது அவருக்கும் தெரியும். ஒருமுறை போனை எடுத்து, “பூட்டம்மாதான் பேசறேன், சொல்லுங்க” என்றார். அந்தப் பக்கம் இருந்த டாக்டர் கேட்க வந்ததையே மறந்துபோனார்.

அவர் இறந்து ஏழு வாரம் ஆகிறது. அவர் செய்த வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு, மாத்திரை எடுத்துக் கொடுப்பார் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மார்ஃபின் மாதிரி, வலியையும் போக்கும், ஆளையும் அடிமையாக்கும் மருந்துகளுக்கு அவர்தான் பொறுப்பு. மருந்தகத்தின் பின்னறையில் ஒரு இரும்பு அலமாரி, அதற்குள் இன்னொரு இரும்பு அலமாரி. இரண்டு பூட்டு, இரண்டு சாவி, ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கையெழுத்து. உடைந்த ஊசிமருந்துக் குப்பியின் கண்ணாடிச் சில்லைக்கூட உறையில் போட்டுத் தேதி எழுதி வைப்பார். பதிவேட்டில் தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை பூசியவர்கள் அவர் வாயில் விழாமல் தப்பியதே இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. எண்ணுவதற்கு முன் யாரும் பதிவேட்டைத் திறக்கக் கூடாது. “புத்தகத்துல நாப்பதுன்னு பாத்துட்டு எண்ணினா, முப்பத்தொம்பது இருந்தாலும் கண்ணு நாப்பதுன்னுதான் சொல்லும். முதல்ல எண்ணு. வாய்விட்டுச் சொல்லு. அப்புறம் திற.”

வீட்டுக்காரர் கேலி செய்வார். “நம்ம வீட்டுச் சர்க்கரை டப்பாவுக்கும் சாட்சிக் கையெழுத்து வாங்கிடலாமா?”

“உங்க சர்க்கரை அளவு ரிப்போர்ட்ல வரும். அதுவே சாட்சி.”

சொல்ல வந்தது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி.

அந்த மருத்துவமனையில் புற்றுநோய்க்காரர்களுக்கு ஒரு பகல் வார்டு இருந்தது. காலையில் வந்து மாலையில் வீடு திரும்புவார்கள். ஆறு கட்டில். காலை ஒன்பது மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் ஆளுக்கு இரண்டு மில்லி மார்ஃபின் திரவம். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து, சின்னக் கிண்ணத்தில் விட்டுக் குடிக்கக் கொடுப்பார்கள். ஐந்நூறு மில்லி பாட்டில் ஒன்று வார்டின் சின்னப் பெட்டகத்தில் இருக்கும். சாவி பொறுப்பு நர்ஸிடம். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பாட்டில் கீழே மருந்தகத்துக்கு வரும்; பூட்டம்மா அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

பதினோரு வருடம் அந்த வார்டைப் பார்த்துக்கொண்ட மூத்த நர்ஸ் மேல்மாடிக்கு மாறிப்போயிருந்தார். புதிதாக வந்த பெண்ணுக்கு அதுதான் முதல் அளவெடுப்பு. பத்து வேலைநாள், நூற்று இருபது முறை கொடுத்திருக்கிறாள். எல்லாமே அவள் கைப்பட.

ஜாடியில் திரவம் இருநூற்று நாற்பத்தெட்டில் நின்றது. பூட்டம்மா குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, வாய்விட்டுச் சொன்னார். பிறகு பதிவேட்டைத் திறந்தார்கள். இருநூற்று அறுபது என்றிருந்தது.

மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அதே நாற்பத்தெட்டு.

“அக்கா, நான் எடுக்கலக்கா.”

“எடுத்தேன்னு நான் சொன்னேனா?”

ஆனால் விதி ஒன்று இருந்தது. பத்து மில்லிக்கு மேல் குறைந்தால், அன்றைக்கே எழுத்தில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். காரணம் தெரியாத குறைவு என்று போனால் பொறுப்பு நர்ஸ் அன்று மாலையே பணிநீக்கம், அப்புறம் போலீஸ், நர்ஸ் பதிவும் பறிபோகும். நிர்வாக அலுவலர் வந்தார். வந்ததும் அந்தப் பெண்ணின் பையைத் திறக்கச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு ஜோடி காலுறை. எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிவைத்துவிட்டு, அவள் காலுறையை மட்டும் கையால் மறைத்துக்கொண்டாள். கிழிந்திருந்தது.

“பதினோரு வருஷமா ஒரு சொட்டு குறையாத வார்டு. இவ வந்த ரெண்டாவது வாரம் பன்னெண்டு மில்லி காத்துல போயிடுச்சா?” என்றார் நிர்வாக அலுவலர். “நாலு மணிக்கு நான் அறிக்கை அனுப்பணும்.”

“நாலு மணிக்கு நானே எழுதித் தரேன் சார்,” என்றார் பூட்டம்மா. “அதுவரைக்கும் யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டாம். பைக்குள்ள எல்லாத்தையும் எடுத்து வைம்மா.”

பின்னறைக்குப் போய் உட்கார்ந்தார். பன்னிரண்டை நூற்று இருபதால் வகுத்தார். ஒரு முறைக்குச் சரியாக ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு. பேனாவை வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். திருடுகிறவன் இவ்வளவு ஒழுங்காகத் திருட மாட்டான். ஒருநாள் ஐந்து எடுப்பான், ஒருநாள் பயந்து விட்டுவிடுவான். நூற்று இருபது முறையும் ஒரே சீராகக் குறைகிறதென்றால் அது ஆள் செய்கிற வேலை இல்லை, பொருள் செய்கிற வேலை. இது அவருக்குள் ஒரு நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

பெண்ணைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார். ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பினார். “தினமும் என்ன செய்வியோ அதையே செய். என்னைப் பார்க்காத.”

அவள் இரண்டு மில்லி இழுத்தாள். கிண்ணத்தில் விட்டாள். சுவரில் ஒட்டியிருந்த அறிவுறுத்தலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரிஞ்சைக் குழாயில் கழுவப் போனாள்.

“நில்லு. அதை இப்படிக் குடு.”

பூட்டம்மா சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்தார். தண்டு அடிவரை போயிருந்தது. ஆனால் சிரிஞ்சின் நீண்ட மூக்குக்குள் தண்ணீர் அப்படியே நின்றது. அந்த இடத்துக்கு அளவுக் கோடு கிடையாது. ஒவ்வொரு முறையும் அதுவும் சேர்ந்தே பாட்டிலிலிருந்து வருகிறது, நோயாளிக்குப் போவதில்லை, கழுவும்போது குழாய்த் தண்ணீரோடு ஓடிவிடுகிறது.

மருந்தகத் தராசில் காய்ந்த சிரிஞ்சையும் நனைந்த சிரிஞ்சையும் எடை போட்டார். வித்தியாசம் கிராமில் பத்தில் ஒன்று. தண்ணீரில் அது பத்தில் ஒரு மில்லி.

பிறகு மகளுக்குப் போன் செய்தார். மகள் தொழிற்சாலைகளில் குழாயில் ஓடும் திரவத்தை அளக்கும் ஓட்டமானிகளின் அளவு சரியா என்று சோதிக்கும் பொறியாளர்.

“மீட்டிங்ல இருக்கேம்மா, சீக்கிரம் சொல்லு.”

“சிரிஞ்சு மூக்குக்குள்ள நிக்கிறது அளவுல சேருமா, சேராதா?”

“சேராது. நாங்க அதைத் தனியா கழிப்போம். எடை போட்டுப் பாரேன்.”

“போட்டாச்சு. நீ ஒழுங்காப் படிச்சியான்னு பாத்தேன். சாப்பிட்டியா?”

அந்தப் பேச்சு இரண்டு நிமிடம்கூட இல்லை. இப்போது மகள் அதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டாள். சாப்பிட்டேன் என்று சொன்னாளா, சொல்லாமலே வைத்தாளா என்று நினைவில்லை.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதே சிரிஞ்சு, அதே மூக்கு. நான்கு வருடமாக அந்த வார்டில் அதுதான் இருக்கிறது. அப்படியானால் முன்னே ஏன் குறையவில்லை? பூட்டம்மா மேல்மாடிக்கு ஏறினார். முழங்கால் வலி அப்போதே தொடங்கியிருந்தது. மூத்த நர்ஸ் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் தண்ணீர் பாட்டிலையும் சிரிஞ்சையும் கொடுத்தார்.

மூத்த நர்ஸ் இரண்டு மில்லி இழுத்துக் கிண்ணத்தில் விட்டார். பிறகு யோசிக்காமல், சிரிஞ்சில் கொஞ்சம் காற்றை இழுத்து, மூக்கை மறுபடி பாட்டிலுக்குள் வைத்து ஒரே தள்ளு. நின்றிருந்த சொட்டு பாட்டிலுக்கே திரும்பிவிட்டது.

“இது என்னத்துக்கு?”

“என்னத்துக்கா? மூக்குல நிக்கிறத விட்டா பாட்டில் குறையும்லக்கா. பதினோரு வருஷம் சும்மாவா ஒரு சொட்டு குறையாம வெச்சிருந்தேன்?”

“கழுவணும்னு சுவர்ல ஒட்டியிருக்கே.”

“கழுவாம என்ன? திருப்பி விட்டுட்டுக் கழுவுவேன். அந்த அறிவிப்பை எழுதின ஆளுக்குச் சிரிஞ்சுக்கு மூக்கு இருக்கறதே தெரியாது போல.”

“எழுதினது நான்தான்.”

மூத்த நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். கையில் போர்வை எத்தனை என்பது மறந்துபோய் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

வெளியே எடுத்த மருந்தைப் பாட்டிலுக்குத் திருப்பி விடுவது கூடாது. மொத்தப் பாட்டிலும் கெட்டுப்போகலாம். அதற்காகத்தான் நான்கு வருடத்துக்கு முன் கழுவச் சொல்லி எழுதினார் பூட்டம்மா. எழுதியவர், கழுவினால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போடவில்லை. அது ஒரு தப்பு. இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. சொன்னபடி கழுவியிருந்தால் பாட்டில் குறைந்திருக்க வேண்டும். நான்கு வருடமாகக் குறையவே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்து, ‘சரியாக உள்ளது’ என்று நூறு கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒருமுறைகூட, எப்படிச் சரியாக இருக்கிறது என்று கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்த முதல் ஆள் அந்தச் சின்னப் பெண். அவள் தலையில்தான் இடி விழுந்திருக்கிறது.

இரண்டரை மணிக்கு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறையில் பூட்டம்மா மேசைமேல் துண்டை விரித்தார். ஐந்நூறு மில்லி தண்ணீர், அதே வகைச் சிரிஞ்சு, அளவு ஜாடி. கண்காணிப்பாளரும் நிர்வாக அலுவலரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கதவோரம் நின்றாள்.

இழுத்தார், கிண்ணத்தில் விட்டார், கழுவினார். “ஒண்ணு.”

இருபது ஆனதும் கண்காணிப்பாளர், “புரிஞ்சிடுச்சும்மா” என்றார்.

“உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு சார். அந்த அலுவலகத்துக்குப் புரியணும். அவங்க நூத்திருபதைத்தான் கேட்பாங்க. இருபத்தொண்ணு.”

ஐம்பதில் நிர்வாக அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுபதில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து வந்தார். “குடுங்க, நான் கொஞ்சம் இழுக்கறேன்.” அவர் இழுத்தபோதும் மூக்கில் சொட்டு நின்றது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். அதன்பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எண்ணிக்கையைத் தானே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

நூற்று இருபது முடிந்தது. மிச்சத்தை ஜாடியில் ஊற்றினார்கள். யார் படிப்பது என்று வந்தபோது பூட்டம்மா கதவோரம் நின்றவளைக் கூப்பிட்டார். அவள் குனிந்து பார்த்தாள். எண்ணைத் தனக்குள் முணுமுணுத்தாள்.

“வாய்விட்டுச் சொல்லு.”

“இருநூத்தி நாப்பத்தெட்டு.”

கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டார். “சரி, நல்லது. ‘அளவீட்டு வேறுபாடு, விசாரித்து முடிக்கப்பட்டது’ன்னு ஒரு வரி எழுதிடலாம். எல்லாருக்கும் நிம்மதி.”

“அந்த ஒரு வரி போதாது சார்.”

“ஏன்?”

“யாரோட வேறுபாடுன்னு அதுல இல்ல. நாளைக்கு இந்தப் பொண்ணு வேற இடத்துக்குப் போவா. அங்க ஒருத்தர் கோப்பைப் புரட்டுவார். மார்ஃபின், குறைவு, விசாரணைன்னு இருக்கும். பக்கத்துல இவ பேர் மட்டும் இருக்கும். காலத்துக்கும் பதில் சொல்லிட்டே திரிவாளா?” பூட்டம்மா பையிலிருந்து எழுதிவைத்த தாளை எடுத்து நீட்டினார். ஒரு பக்கம்கூட வராது. அறிவுறுத்தல் எழுதியவர் நான். கழிவு அளவைச் சேர்க்கத் தவறியது நான். நான்கு ஆண்டுகள் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டது நான். பொறுப்பு நர்ஸ் எழுத்துப்பூர்வ அறிவுறுத்தலை அப்படியே பின்பற்றினார். மேல்மாடி நர்ஸின் பெயர் அதில் இல்லை. ‘முழு விளக்கம் இல்லாத அறிவுறுத்தலால் பிறர் வேறு முறையைக் கையாண்டனர்’ என்று மட்டும் இருந்தது.

கண்காணிப்பாளர் இரண்டு முறை படித்தார். “தலைமை மருந்தாளர் பதவிக்கு உங்க பேரை இந்த மாசம்தான் அனுப்பியிருக்கேன். இது போனா அங்க நிறுத்தி வெச்சிடுவாங்க. தெரியும்ல?”

“தெரியும் சார். மணி மூணு அம்பது.”

அறிக்கை அப்படியே போனது. நான்காவது நாள் பதில் வந்தது. நர்ஸ் மீது எந்தக் குறையும் இல்லை. மருந்தாளருக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. பதவி வேறொருவருக்குப் போனது. பூட்டம்மாவுக்கு அது மூன்று வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று வருடமும் தன்னைவிட இளையவரின் கீழ் வேலை செய்தார். அவருக்கும் எண்ணக் கற்றுக்கொடுத்தார் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

பதில் வந்த மறுநாள் காலை, அந்தப் பெண் புதுப் பாட்டில் வாங்க மருந்தக ஜன்னலுக்கு வந்தாள். பதிவேட்டில் பூட்டம்மா ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு பத்தி வரைந்திருந்தார். ‘சிரிஞ்சில் நின்று கழுவப்பட்டது’ என்று தலைப்பு. ஒவ்வொரு முறைக்கும் பத்தில் ஒன்று அதில் ஏற வேண்டும்.

பெண் பேனாவை எடுத்தாள். கண்ணீர் எழுத்தின் மேல் விழப் பார்த்தது.

“புத்தகத்துமேல விடாத. மை கலைஞ்சா நான்தான் மறுபடி எழுதணும்.”

“உங்க பதவி போச்சேக்கா, என்னால.”

“உன்னாலன்னு அறிக்கையில எங்கயாவது இருக்கா? நான்தானே எழுதினேன், நல்லாத் தெரியும். கையெழுத்தைப் போடு.”

போட்டாள். பூட்டம்மா அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, பாட்டிலை ஜன்னல் வழியாக நகர்த்தினார்.

“ஒம்பதாகப் போகுது. அங்க ஆறு பேர் வலியோட உக்காந்திருக்காங்க. ஓடு.”